"நீங்களே சொல்லுங்க" என்பவரிடம் என்ன சொல்வது?

பயிற்சியாள்: கவுன்சிலிங் முதுகலை இரண்டாம் வருடம். காரைக்குடிப் பக்கம் ஓரிடத்தில் பயிற்சிக்குப் போகிறேன். 1992இல் குடும்ப சிகிச்சையாளர்கள் ஹார்லீன் ஆண்டர்சனும் ஹெரால்டு கூலிஷியனும் 'தெரியாத நிலை'யிலிருந்து கேட்பது பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து, வருகிறவருக்குத்தான் தன் வாழ்க்கை தெரியும், எதைப் பேசுவது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம் என்பதுதான் என் வழி. ஆனால் ஓர் ஆச்சி மூன்று தடவையாக, "அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்? படிச்சவுக, நீங்களே சொல்லுங்க" என்கிறார். முறையை மாற்றுவதா? (திருத்தியது: ஆள் விவரம் நீக்கம்)

திண்ணைவாசி: தெரியாத நிலை என்றால் ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்வது இல்லை. கல்யாண வீட்டுக்கு வரும் சமையல் மேஸ்திரியைப் பாருங்கள். என்னென்ன பலகாரம் என்று ஆச்சி சொல்வார், ஆனால் நூறு இலைக்கு எத்தனை படி அரிசி என்று மேஸ்திரி ஆச்சியிடமே கேட்டால் அன்றைக்கே வேறு ஆள் பார்த்துவிடுவார். "தூக்கம், மகன் பேச்சு, தனிமைன்னு மூணு சொன்னீங்க, எதை முதல்ல எடுப்போம்?" என்று கேளுங்கள். உளவியலாளர் போர்டின், சிகிச்சையாளரும் வருகிறவரும் சேர்ந்து வேலை செய்ய 1979லேயே இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்குள் பிணைப்பு என்று மூன்றைச் சொன்னார். ஆச்சிக்கு இரண்டாவதுதான் இடிக்கிறது, ஏன் இத்தனை கேள்வி என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பள்ளத்தூர்க்காரி: நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் முடிவெடுத்தே பழக்கம், அதனால் எதைப் பேசலாம் என்று கவுன்சிலர் என்னையே கேட்டபோது, முதலில் என்னைச் சோதிக்கிறாரோ என்றுதான் பட்டது. நாலாவது வாரம் கிளம்பும்போது, "இன்னிக்குப் பேசினதுல எது ஒத்துவரலை?" என்று கேட்டார். "நீங்க ரொம்பத் தலையாட்டுறீக" என்றேன், சிரித்துவிட்டார். அப்புறம்தான் வீட்டுக்காரரைப் பற்றி வாய் திறந்தேன்.

கண்டிப்பானவர்: எல்லாம் சரி. ஆனால் சாவைப் பற்றிய பேச்சு வந்தால் 'அவரே முடிவு செய்யட்டும்' என்று காத்திருக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் கொடுத்து அனுப்புங்கள். அப்புறம், வயதையும் தெருவையும் இங்கே போட்டிருந்தீர்களே, நம்ம ஊரில் அது போதாதா ஆளைக் கண்டுபிடிக்க?

பயிற்சியாள்: எடுத்துவிட்டேன், மன்னிக்கவும். மேஸ்திரி கணக்கை ஆச்சியிடமே சொல்லிப் பார்க்கிறேன். எத்தனை படி என்று என்னைக் கேட்காமல் இருந்தால் சரி.