16 இன்ச்சுக்கு 66 மி.மீ. செகண்டரி (மேல சாய்ச்சு வச்ச சின்னக் கண்ணாடி) போட்ட டெலஸ்கோப்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

நத்தம்காரன்:
சிறுமலை அடிவாரத்துல ஒரு 16 இன்ச் டாப்சோனியன் (கண்ணாடி டெலஸ்கோப்), எஃப்/4.5, அதாவது குவியத்தூரம் விட்டத்தைப் போல நாலரை மடங்கு. ஒமேகா சென்டாரிங்கிற நட்சத்திரக் கொத்து அதோட உச்சத்துல நின்னுச்சு (நம்ம ஊர்ல 32 டிகிரி வரைக்கும் ஏறும், வடக்க உள்ளவங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல). நட்சத்திரம் பிரியுது, ஆனா 16 இன்ச்சுக்கு உண்டான வெளிச்சம் இல்ல. கண்ணு வச்சுப் பார்க்கிற ஐபீஸைக் கழட்டிட்டு, ஓட்டை போட்ட மூடியை மாட்டிப் பார்த்தா பிரைமரியை (அடியில இருக்கிற பெரிய கண்ணாடி) பிடிச்சிருக்கிற மூணு கிளிப்ல ஒண்ணுகூடத் தெரியல. அதுதான் இன்னும் மனசுல உறுத்துது.

அளந்தா விஷயம் புரியுது. மேல் கூண்டோட உள்பக்கப் பாதி 225, பலகை 12, ஐபீஸை மாட்டுற ஃபோகசர் உயரம் 100, மேல ஒரு 13. ஆக செகண்டரி மையத்துல இருந்து ஃபோகஸ் வரைக்கும் 350 மி.மீ. குவியத்தூரம் 1829. நடு நட்சத்திரத்துக்கு மட்டுமே 350 × 406 ÷ 1829, கிட்டத்தட்ட 78 மி.மீ. செகண்டரி வேணும். அங்க இருக்கிறது 66. அப்ப வேலை செய்யிறது 345 மி.மீ. கண்ணாடிதான், அதாவது 13.6 இன்ச். வெளிச்சத்துல கால் பங்குக்கு மேல காணோம்.

வைகைக்கரை:
அண்ணே, அடிச்சுச் சொல்றீங்க. இதே மாதிரி 16ல, இதே 66 போட்டு வியாழனைப் பார்த்தா பட்டையோட ஓரத்துல இருக்கிற முடிச்செல்லாம் தெரிஞ்சுது. 79 மாத்தினாங்க, எல்லாம் மழுங்கிருச்சு. கிரகத்துக்கு, செகண்டரி நடுவுல மறைக்கிற அடைப்பு சின்னதா இருந்தாத்தான் சரி. அதுபோக, ஃபோகசர் வழியா அதே டெலஸ்கோப்ல மூணு கிளிப்பும் தெரிஞ்சுதே?

பட்டறைப்பக்கம்:
தம்பி, கிளிப் தெரிஞ்சப்ப ஃபோகசர் உள்ள தள்ளி இருந்துச்சா? கண்ணு செகண்டரிக்குக் கிட்டப் போகப் போக எல்லாமே தெரியும். நட்சத்திரத்துல ஃபோகஸ் வச்ச எடத்துலயே கண்ணு இருக்கணும், அதுக்குத்தான் ஓட்டை மூடி. சும்மா எட்டிப் பார்க்கிறதெல்லாம் கணக்குல சேராது.

அடைப்புக் கதையும் அப்படித்தான். 66 போட்டா விட்டத்துல 16.3 சதவீதம், 79 போட்டா 19.5, 89 போட்டா 21.9. பரப்புல பார்த்தா 79க்கும் 89க்கும் ஒரு சதவீத வித்தியாசம், நூறுல ஒரு மேக்னிட்யூட் (நட்சத்திர வெளிச்சத்தோட அளவு). இந்த அளவுக்குள்ள கான்ட்ராஸ்ட் மாறுறதைக் கண்ணால பிடிக்க முடியாது. வெயில் காஞ்ச மொட்டை மாடியில இருந்து எழும்புற சூட்டுக் காத்து அதைவிடப் பல மடங்கு கெடுக்கும்.

அப்ப வியாழன் ஏன் நல்லா இருந்துச்சு? என் சந்தேகம், அந்தப் பிரைமரிக்கு விளிம்பு சரிஞ்சிருக்கு. சின்ன செகண்டரி கெட்ட விளிம்பை மறைச்சிருச்சு. சோதிச்சுப் பார்த்துரலாம்: 79ஐ அப்படியே வச்சுட்டு, கறுப்பு அட்டையில 345 மி.மீ. வட்ட ஓட்டை வெட்டி பிரைமரிக்கு மேல வைங்க. வியாழன் பழையபடி தெளிஞ்சா குத்தம் விளிம்புல, செகண்டரியில இல்ல.

நத்தம்காரன் சொன்ன டெலஸ்கோப்புக்கு நான் முதல்ல செகண்டரியைத் தொட மாட்டேன். 50 மி.மீ. உயரத்துல குட்டை ஃபோகசர் போட்டுட்டு, அந்த 50க்குப் பிரைமரியைக் கீழ எறக்கணும், இல்ல மேல் கூண்டைத் தாங்குற ட்ரஸ் குழாயை நீளமாக்கணும். தூரம் 300க்கு வந்துரும், நடுவுக்கு 66.6 போதும். பெறகு 79 போட்டா முழு வெளிச்ச வட்டம் (வெளிச்சம் கொறையாம விழுற நடுப்பகுதி) 14.8 மி.மீ., 2 இன்ச் ஐபீஸோட 46 மி.மீ. ஓரத்துல 78 சதவீதம். கால் மேக்னிட்யூட் கொறையும், கண்ணுக்குத் தெரியாது. அங்கயே 66 இருந்தா 64 சதவீதம், அரை மேக்னிட்யூட்.

மாடிவீடு:
டிஎஸ்எல்ஆர் மாட்டினா, சார்?

பட்டறைப்பக்கம்:
கேனான் பாடிக்கு வளையத்தோட சேர்த்து சென்சார் 55 மி.மீ. வெளிய நிக்கும். தூரம் 340 ஆயிடுச்சுன்னு வைங்க, 79ல முழு வட்டம் வெறும் 4 மி.மீ. 89 போட்டா 16. மூலையில வர்ற இருட்டை ஃப்ளாட் ஃப்ரேம் (சீரான வெளிச்சத்தை எடுத்த படம்) எடுத்துச் சரிக்கட்டணும். கண்ணால மட்டும் பார்க்கிறவங்களுக்கு 89 தேவையே இல்ல.

கேட்காட்டியும் சொல்லிடுறேன். ஹோல்டரோட உதடு சுத்தி ஒண்ணரை மி.மீ. மறைச்சா உங்க 79 வெறும் 76. 300 தூரத்துல முழு வட்டம் 11க்கு எறங்கிரும். உதடு இல்லாத, பின்னால ஒட்டுற ஹோல்டர்தான் நல்லது. ஒட்டும்போது ஆஃப்செட் (செகண்டரியை மையத்துல இருந்து தள்ளி வைக்கிறது) பாருங்க: செகண்டரியோட சிறு விட்டத்தை 4 × எஃப் எண் 4.5ஆல வகுங்க, 79க்கு 4.4 மி.மீ. ஃபோகசரை விட்டுத் தள்ளி அவ்வளவு, பிரைமரி பக்கமா அவ்வளவு. கண்ணாடி முதுகு வழியா அளந்தா 6.2. விட்டாலும் ஒண்ணும் கவுந்துராது, வெளிச்ச வட்டம் ஒரு பக்கமா ஒதுங்கும், அம்புட்டுத்தான்.

அரால்டைட் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயில்ல அலுமினியம் விரியும், கண்ணாடி அவ்வளவு விரியாது, இழுக்கிற இழுப்புல நட்சத்திரம் சிலுவையா நீளும். நியூட்ரல் சிலிகான் மூணு பொட்டு வைங்க. காடி வாசம் அடிக்கிற வகை வேண்டாம், அந்த ஆவி பூச்சுக்கு ஆகாது. நடுவுல 2 மி.மீ. தீக்குச்சி வச்சு அமுக்கி, சிலிகான் பிடிச்சதும் குச்சியை உருவிடுங்க. பொட்டு தடிமனா இருக்கிறதால உள்ள காய ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் ஸ்பைடர்ல (செகண்டரியைத் தாங்குற சட்டம்) தொங்கவிடாதீங்க, கீழ இருக்கிறது பிரைமரி.