சென்னைப் புறநகரின் பாம்புகள், இருளர்கள்: இரு தரப்பையும் "தகவமைப்பு" என்ற ஒரே சொல்லால் எழுதலாமா?

கேள்வி – மேடவாக்கம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியில் அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சி நடக்கவிருக்கிறது. "இயற்கைச் சூழலுக்கேற்பத் தங்களைத் தகவமைத்துக்கொண்ட விலங்குகளும் பழங்குடிகளும்" என்ற தலைப்பை அவளுடைய குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தேடினாலும் ஒட்டகமும் பனிக்கரடியுமே வருகின்றன. நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, பாலைவனத்துக்கும் துருவத்துக்கும் ஏன் போக வேண்டும் என்று மகள் கேட்கிறாள்.

சென்ற கார்த்திகை மழையின்போது எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு பாம்பு வந்தது. மலைப்பாம்புக் குட்டி என்று சொல்லி, அதைக் குச்சியால் தள்ளிவிடவும் சிலர் முனைந்தார்கள். பாம்பு பிடிக்க வந்த, இருளர் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர், சுவரைத் தாண்டும் முன்பே அதன் சீறலை மட்டும் கேட்டுவிட்டு, "கண்ணாடி விரியன், எல்லாரும் தள்ளிப் போங்க" என்றார். அவர் சொன்னதே சரி. அன்றிலிருந்து மகளுக்கு இருளர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்ற ஆசை. ஆனால் "பாம்பு தகவமைந்தது, இருளரும் தகவமைந்தார்கள்" என்று ஒரே பலகையில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், பல்லாவரம்

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி, அம்மா. முதலில் நிலத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆகவே இங்குள்ள உயிர்கள் சில மாத வெள்ளத்தையும் பல மாத வறட்சியையும் ஒருசேரத் தாங்க வேண்டியவை. கடற்கரையை ஒட்டி எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் பாலை, வீரை, காசா போன்ற மரங்களின் இலைகளைத் தொட்டுப் பார்த்தால், சிறிதாகவும் தோல் போலத் தடித்தும் இருப்பது விரலுக்கே தெரியும். ஈரத்தை இழக்காதிருக்கும் வழி அது.

பாம்புகளில் சுருட்டை விரியனைத் தவறாமல் சேருங்கள். இங்கே பெரும்பாலும் ஒரு முழத்தைத் தாண்டாத சிறு பாம்பு. முட்புதரும் சரளை மண்ணும் அதன் இடம். மற்ற விரியன்களைப் போல மூச்சை வெளியேற்றிச் சீறாமல், உடலை வளைவு வளைவாகச் சுருட்டி, அரம் போன்ற பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்பி எச்சரிக்கும். மூச்சோடு உடலின் ஈரமும் வெளியேறும் என்பதால், வறண்ட நிலத்தில் இந்த உரசல் அதற்குத் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம்.

நல்ல பாம்பால் வளை தோண்ட முடியாது. "கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது" என்ற பழமொழியை நாம் மனிதர்களைக் குறித்தே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உயிரியல் உண்மையும் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் ஈரப்பதமும் குளிர்ச்சியும் அவ்வளவாக மாறுவதில்லை. கோடையில் பெண் நாகம் அங்கேதான் முட்டையிட்டு, குஞ்சு பொரியும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் காவல் இருக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முட்டையே இடாமல் குட்டிகளை ஈனுகின்றன.

பதில் 2 – திருப்போரூர் வட்டாரத்தில் களப்பணி செய்தவன்

ஆசிரியர் ஐயா எலி வளையைக் குறிப்பிட்டுவிட்டதால் அங்கிருந்தே தொடர்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் திருப்போரூருக்கு அருகே, அறுவடை முடிந்த வயல் வரப்பில் ஓர் இருளர் தம்பதியரோடு ஒரு காலை முழுவதும் நடந்திருக்கிறேன். ஒரே வரப்பில் ஏழெட்டு வளைகள் இருந்தன. அந்த அம்மா முதல் வளையின் வாயில் சிலந்திவலை அறுபடாமல் இருந்ததைக் காட்டி, "ராத்திரி இதுல எதுவும் போகல" என்று கடந்துவிட்டார். இரண்டாவது வளையின் வாய் ஈர மண்ணால் புதிதாக அடைபட்டிருந்தது. எலி உள்ளே இருக்கிறது, நெல்லும் இருக்கிறது என்றார். மூன்றாவதன் விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அதன் அருகே சுண்ணாம்புத் துளி போல உலர்ந்த எச்சம் கிடந்ததைக் கண்டதும், கணவர் கடப்பாரையைக் கையில் எடுத்தார். சற்று நேரத்தில் ஒரு நாகத்தின் வால் வெளிப்பட்டது. நான் நடந்து கடந்த அதே வரப்புதான். எனக்கு அது வெறும் மண்ணாகவே இருந்தது.

எலிகள் சேர்த்து வைத்த நெல்லைத் தோண்டி எடுப்பதும், எலியையே உணவாக்குவதும், முதல் மழைக்குப் பின் புற்றருகே விளக்கேற்றி ஈசல் பிடித்து வறுப்பதும் இந்த நிலத்தின் பருவங்களோடு பொருந்திய வாழ்க்கை. எலிகளை வெளியேற்ற, துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதிப் புகை போடுவார்கள். அதில் உதடும் கையும் வெந்து, புகையால் மூச்சும் கெடும். பிற்காலத்தில் கையால் சுழற்றும் விசிறி பொருத்திய இரும்புப் புகைப்பானைகள் வந்தது பெரிய ஆறுதல்.

உங்கள் உறுத்தலுக்கான விடை, என் பார்வையில், 1970களில் இருக்கிறது. அதுவரை தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்பதே பலருக்கு வருமானம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து தோல் வணிகம் தடைப்பட்டபோது, குடும்பங்கள் சோற்றுக்கு வழியின்றித் தவித்தன. 1978இல் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கிவருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, வாய் கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, வாரம் ஒருமுறை என்ற கணக்கில் நஞ்செடுத்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் சிறு வெட்டிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி முறிவு மருந்துக்கு அந்த நஞ்சுதான் மூலப்பொருள்.

பாம்பின் செதில் மாற எத்தனையோ ஆயிரம் தலைமுறைகள் தேவைப்பட்டிருக்கும். இருளர்களோ கையில் இருந்த அறிவை ஒரே தலைமுறையில் உயிர்காக்கும் தொழிலாக மாற்றிக்கொண்டார்கள். 2017இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்புநிலங்களில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள். முன்பின் பார்த்திராத நிலத்திலும் அவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவர்களின் படங்களை மகள் பலகையில் வைக்கட்டும்.

பதில் 3 – சமூகப்பணி மாணவி, செங்கல்பட்டு

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். "இருளர்கள் காட்டில் வாழ்கிறார்கள்" என்று தயவுசெய்து எழுத வேண்டாம், அக்கா. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பெரும்பாலோர் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் வாழ்கிறார்கள். பலருக்கு வீட்டுமனைப் பட்டா கிடையாது. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கடனுக்காகக் கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்ட குடும்பங்களும் உண்டு. சூளைக்குள் வளரும் பிள்ளை வரப்பில் நடப்பதில்லை. பாம்புக்குச் செதில் பிறப்போடு வரும். சிலந்திவலையைப் பார்த்து வளையைப் படிப்பதை அம்மாவோடு நடந்தால்தான் கற்க முடியும். வரப்புகள் மனைகளாகும்போது எலி, பாம்பு, அந்தப் பாடம் மூன்றுமே ஒன்றாகப் போகின்றன.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனை வழிபட இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் திரளுவார்கள். வாய்ப்பிருந்தால் மகளை அழைத்துச் சென்று, அவர்களிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மேடவாக்கம் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் "உடலில் வந்தது" என்றும் மறுபக்கம் "கற்றுக் கைமாறியது" என்றும் தலைப்பிட மகள் முடிவு செய்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில், சிலந்திவலை படிந்ததும், மண் அடைத்ததும், விளிம்பு தேய்ந்ததுமாக மூன்று எலி வளைகளைக் களிமண்ணில் செய்து வைத்து, எதில் பாம்பு இருக்கிறது என்று வருகிறவர்களிடம் கேட்கப்போகிறாளாம். வடநெம்மேலிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறோம்.