பெயர் தெரியாத ரோஜாவும் அதன் சீக்கும்: உங்கள் அனுபவம் என்ன?

பள்ளத்தூர்:
பின்கட்டுக் கிணற்றடியில் அப்பத்தா காலத்து ரோஜா ஒன்று நிற்கிறது. வெளிர் ரோஸ் நிறம், நல்ல வாசம், மாதம் தவறாமல் பூக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது பன்னீர் ரோஜா. நர்சரியில் படம் காட்டினால் ஒருவர் எட்வர்ட் என்கிறார், இன்னொருவர் வெறும் நாட்டு ரோஜா என்கிறார். போன வருடம் வீட்டைப் பழுதுபார்த்தோம். அதற்கப்புறம் வருகிற துளிரெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தொழு உரம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் எல்லாம் கொடுத்தாயிற்று. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தேவகோட்டை:
அண்ணே, பெயர் கிடக்கட்டும். பழுதுபார்த்தபோது உடைத்த காரையை எங்கே கொட்டினார்கள்? எங்கள் வீட்டில் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தனார் ஆட்கள் ரோஜாப் பாத்தி ஓரத்திலேயே குவித்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் அது மண்ணோடு மண்ணாகிவிட்டது. நம் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, அந்தச் சிவப்பே இரும்புதான். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்து காரத்தன்மை ஏறிவிட்டால், மண்ணில் இருக்கிற இரும்பு வேருக்கு எட்டாது. நரம்பு பச்சை, இடையில் மஞ்சள், அதுவும் இளந்துளிரில் என்றால் பெரும்பாலும் இதுதான். அடியிலை முதலில் மஞ்சளானால் அது வேறு கதை.

காரையை மேல்மண்ணோடு வாரி எடுத்துவிட்டு, புதுச் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் போட்டோம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலத்தில் இலையில் தெளித்தோம். மஞ்சளாகிப்போன பழைய இலைகள் முழுசாகத் தேறவில்லை. பின்னால் வந்த துளிர் செம்பழுப்பாகக் கிளம்பி, விரிய விரியப் பச்சைக்கு வந்தது. ஒன்று, ஆத்தங்குடித் தரை பக்கத்தில் இருந்தால் சாக்கு விரித்துவிட்டுத் தெளியுங்கள். துருக்கறை விழுந்தால் போகாது.

காரைக்குடி:
மாதம் தவறாமல் பூக்கிறது என்றீர்களே, அதுதான் துப்பு. உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்கும் பன்னீருக்கும் வளர்க்கிற டமாஸ்க் ரோஜா மார்ச், ஏப்ரலில் மொத்தமாகப் பூத்து ஓய்ந்துவிடும். எட்வர்ட் அப்படியில்லை. அது பூர்போன் வகை. டமாஸ்கும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த வகை என்பதால் வாசம் ஒரு பக்கம், ஓயாத பூப்பு மறு பக்கம். உங்களுடையது எட்வர்ட் என்றே நினைக்கிறேன். தூரில் ஒட்டு முடிச்சு (ஒட்டுக் கட்டிய இடத்துப் புடைப்பு) இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், என் மதனி குட்டியானை வண்டியில் வந்த கருஞ்சிவப்பு ரோஜா ஒன்று வாங்கினார். கொஞ்ச நாளில் செடி ஆள் உயரம் போனது, ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டதுதான் மிச்சம். தூரில் மண்ணை விலக்கினால் முடிச்சுக்கு மேலே கொம்பு கருகிக் கிடக்கிறது, கீழே ஒட்டுக்கு வைத்த காட்டு ரோஜா தழைத்து நிற்கிறது. இலைக்காம்பின் அடியில் இருக்கும் சிறு செதிலைக் கவனித்தேன். ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்தது. அது மல்டிபுளோரா என்கிற அந்தக் காட்டு ரோஜாவின் அடையாளம். ஒரே காம்பில் ஏழு இலை வந்தால் காட்டுச்செடி என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், நல்ல ரோஜாவிலும் ஏழு வரும். மேல் ஒட்டு உயிரோடு இருந்தால் கீழ்த்துளிரை வெட்டாமல், கிளம்பிய இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் மறுபடி தழையும்.

கண்டனூர்:
எனக்கு வந்தது வேறு. இலை ஓரத்தில் அரைவட்டம் அரைவட்டமாக, கத்தரியால் நறுக்கிய மாதிரி. புழு என்று மருந்தடிக்கக் கிளம்பிவிட்டார் வீட்டுக்காரர். காலையில் காத்திருந்து பார்த்தால் ஒரு தேனீ இலைத்துண்டைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு பறக்கிறது. அது இலையைத் தின்பதில்லை, கூடு கட்டக் கொண்டுபோகிறது. செடிக்குப் பெரிய சேதம் இல்லை, விட்டுவிட்டோம்.

பள்ளத்தூர்:
காரையைக் கிணற்றடியில்தான் கொட்டியிருக்கிறார்கள், இப்போதும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. தூரில் முடிச்சு எதுவும் இல்லை, மண்ணிலிருந்தே பல கொம்பு கிளம்பியிருக்கிறது. அப்பத்தா குச்சி நட்டு வளர்த்ததாக இருக்கும். கவாத்தும் சேர்த்தே செய்துவிடலாமா?

காரைக்குடி:
வேண்டாம். சீக்காகக் கிடக்கிற செடியை வெட்டாதீர்கள். காரையை வாருங்கள், துளிர் தேறட்டும். மழை ஓய்ந்தபின் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசண மருந்து) தடவுங்கள். இல்லாவிட்டால் நுனிக்கருகல் அங்கிருந்துதான் இறங்கும்.