விஸ்லர் பக்கம் பனிச்சரிவு ஆபத்து: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருந்து எழுதுகிறேன். என் தம்பி பிப்ரவரியில் வான்கூவர் போகிறான். நண்பர்களோடு அங்குள்ள விஸ்லர் ஸ்கீ மையத்துக்கு வெளியே, லிஃப்ட், பாதுகாப்புக் குழு எதுவும் இல்லாத மலைப்பக்கம் ஸ்கீ போவதாகத் திட்டம். இங்கே டிராகன்ஸ்பர்க் மலையில் பனி பார்த்தவன்தான். ஆனால் 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் என்3 சாலையை மூட வைத்த மாதிரிப் பனி நமக்கு அபூர்வம். அங்கே கடலோர மலைகளில் ஒரே புயலில் அரை மீட்டருக்கு மேல் விழும், காற்று அதை அள்ளி மறுபக்கச் சரிவில் பலகை போலக் குவிக்கும், அப்புறம் சூடு ஏறி மழையும் பெய்தால் மொத்தமாக வழுக்கி வரும் என்று படித்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

30 முதல் 45 டிகிரி சரிவுதான் மோசமாம். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் கூட இருப்பவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும், மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க முடியாது.

அங்கே இருந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்: டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் விஸ்லரில் வாடகைக்குக் கிடைக்குமா? ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சிக்கு எவ்வளவு முன்னால் பதிய வேண்டும்? முக்கியமாக, பனிச்சரிவு ஆபத்தைக் கணித்துச் சொல்லும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அறிக்கையில் ஆபத்து 5க்கு 3 என்று இருந்தால் நீங்கள் போவீர்களா? 3 நடுத்தரம்தானே என்கிறான் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த நிலையிலும் நிறைய உயிர் போயிருக்கிறது. அனுபவப்பட்டவர் சொன்னால் கேட்பான்.