பிராக் கிறிஸ்துமஸ் பயணம்: போய் வந்தாச்சு (புதுப்பிப்பு)

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க டிசம்பர் 23 முதல் 26 வரை ஜெர்மனியின் நியூரம்பர்க் போகலாமா, செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகலாமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நியூரம்பர்க் சந்தை 24ஆம் தேதியே முடிந்துவிடும், பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் ஜனவரி 6 வரை நடக்கும் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. பிராக் போனோம்.

24 அன்று பெரிய கடைகள் நண்பகலோடு மூடிவிடுகின்றன. 25, 26 திறப்பதே இல்லை. ரொட்டி, பால் எல்லாம் 23ஆம் தேதியே வாங்கி வைத்ததால் தப்பித்தோம்.

எதிர்பாராதது, தெருவோரத் தொட்டிகளில் உயிரோடு நீந்திய கெண்டை மீன்கள்! கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்காம். அப்புறம், பிராக்கின் புகழ்பெற்ற சார்லஸ் பாலத்தில் காலை ஏழரைக்குக் கூட்டமே இல்லை. ஆனால் வெளிச்சமும் இல்லை. சூரியன் வரவே எட்டு மணி ஆகிறது.