காயம்படும் வீரருக்குப் பெரிய ஒப்பந்தம்: சம்பள உச்சவரம்பில் சிக்கல் எங்கே வருகிறது?

மன்னார்குடி வாசகர்:
திங்கள் அதிகாலையில் விழித்து அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவன் நான். 2022இல் க்ளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி டெஷான் வாட்சனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் எழுதிக் கொடுத்தது. கல்லூரியில் ஒரு முறையும் 2017இல் ஒரு முறையும் முழங்கால் ஜவ்வு கிழிந்தவர் அவர். 2024 அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆறி முடிவதற்குள், 2025 ஜனவரியில், அதே இடம் மறுபடியும் அறுந்ததாகச் செய்தி வந்தது. ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களுக்காகக் கணக்கில் எழுதக்கூடிய மொத்தத் தொகைக்கு எல்லை உண்டு, அதுதான் சம்பள உச்சவரம்பு. ஆடாதவருடைய தொகை அந்தக் கணக்கில் ஏன் நிற்கிறது? அவரை விடுவித்தால் அந்த இடம் காலியாகாதா?

கும்பகோணம் கணக்கர்:
காலியாகாது. காயப் பட்டியலில் வைத்தாலும் சம்பளம் கணக்கில் இருக்கும். விடுவித்தாலோ சுமை சில வேளை கூடவே செய்யும். காரணம், கையெழுத்திடும்போது கொடுக்கும் முன்பணம். ஐந்து கோடி டாலரை இன்றே கொடுத்துவிட்டு, உச்சவரம்புக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு கோடி என்று ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம்.

நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 25 லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தேய்மானம் எழுதி வரும்போது, இரண்டாம் ஆண்டு முடிவில் அது எரிந்துபோனால், மீதி 15 லட்சமும் அந்த ஒரே ஆண்டின் நட்டத்தில் வந்து விழும். அதுபோலவே வீரரை விடுவித்தால், முன்பணத்தில் இன்னும் கணக்கில் எழுதாத மீதி முழுவதும் ஒரே ஆண்டில் வந்து சேரும். அமெரிக்கக் கால்பந்தில் அதற்கு 'டெட் மணி' என்று பெயர். ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால் அடுத்த ஆண்டோடு பங்கிட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. டென்வர் பிராங்கோஸ் 2024இல் ரசல் வில்சனை அனுப்பியபோது, இவ்வகையில் சுமார் 8.5 கோடி டாலரை இரண்டு ஆண்டுகளில் சுமக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஓர் அணிக்கு இருந்த மொத்த உச்சவரம்பே 25.54 கோடி.

பிரவுன்ஸ் இன்னொன்றும் செய்தது. வாட்சனுடைய சம்பளத்தை இடையிடையே இந்த முன்பணம் போலப் பிரித்து எழுதக்கூடிய போனசாக மாற்றி, அந்தந்த ஆண்டில் இடம் பிடித்துக்கொண்டு, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. உடல் தாங்குமா என்று தெரியாத ஒருவரிடம் இதைச் செய்வதுதான் உண்மையான தவறு என்பேன். ஒவ்வொரு மாற்றமும் விடுவிக்கும் வழியை மேலும் அடைத்துவிடுகிறது.

நாகப்பட்டினம் உடற்கல்வி ஆசிரியர்:
கணக்கரின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் காயம்பட்டவரை வாங்கவே கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். 2020இல் கரோலைனா பேந்தர்ஸுடன் பெரிய ஒப்பந்தம் செய்த கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அந்த ஆண்டு 3 ஆட்டங்களும் அடுத்த ஆண்டு 7 ஆட்டங்களும்தான் ஆடினார். 2022 அக்டோபரில் அவரைப் பெற்ற சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் பழைய போனஸ் பாரம் வரவில்லை. அது பேந்தர்ஸ் தலையிலேயே தங்கியது. 2023இல் அவர் சிறந்த தாக்குதல் வீரர் விருதும் பெற்றார். ஆனால் 2024இல் ஒப்பந்தத்தை நீட்டித்த அதே ஆண்டில் 4 ஆட்டங்களோடு நின்றுவிட்டார்.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் ஜவ்வு அறுவை முடிந்து நான்காம் மாதமே, மழையில் ஊறிய திடலில் இறங்கினான். நேராக ஓடியபோது ஒன்றுமில்லை. பந்தோடு சட்டென்று திரும்பியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். ஆகவே, களமிறங்கும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தொகையை வைப்பதே முறை என்பது என் கருத்து. சென்ற ஆண்டு எத்தனை ஆட்டங்கள் ஆடவில்லையோ, அத்தனை ஆட்டங்களுக்கான போனஸ் இந்த ஆண்டு உச்சவரம்பில் முன்கூட்டியே சேராது. ஆடிப் பெற்றால் பிறகு சேரும்.

மன்னார்குடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. இனி மொத்தத் தொகையைப் பார்க்கும் முன், முன்பணம் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.