'வரி' என்று எழுதிவிட்டேன்: ஒரு கலைச்சொல் தேடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக் கொடுத்தேன். கிழக்கு லண்டனில் ஒரு தெருமுனையில் அடுக்குமாடி எழும்பப்போகிறது. அதனால் கவுன்சிலுக்கு (அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம்) வரும் பணத்தில் ஒரு பகுதியை அந்த வட்டாரத்தில் எதற்குச் செலவிடலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் தாள். 'கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி' என்று வந்த இடத்தில் அகராதியைப் பார்த்துச் 'சமூக உட்கட்டமைப்பு வரி' என்று எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா ஒருவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். விரித்து, 'வரி' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "தம்பி, கவுன்சில் வரியோடு இதையும் நான்தான் கட்ட வேண்டுமா?" என்று கேட்டார்.

"இல்லை பெரியம்மா, கட்டடம் கட்டுகிற கம்பெனி கட்டும். உங்களுக்கு இதில் வரவுதான்" என்றேன்.

"பிறகு ஏன் வரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்?"

எழுதியவன் நான்தான் என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சாம்பார் வாளி வந்தது, தப்பித்தேன்.

'வரி'க்குப் பதிலாக வேறு சொல் கேட்டு இந்த இழையை நான் தொடங்கிய கதை இவ்வளவுதான். ஒரு வாரமாக நீங்கள் அனுப்பிய சொற்களைப் பார்த்துவிட்டேன். சிலர் தனிமடலில் "இது என்ன பணம் என்றே விளங்கவில்லை" என்று எழுதியதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

2008ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தில் பிறந்து, 2010இல் விதிகள் பெற்ற ஏற்பாடு இது. ஒரு கவுன்சில் விரும்பினால் விகிதப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, புதிதாகக் கூடும் தளப்பரப்பில் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டுமான நிறுவனத்திடம் வாங்கலாம். சதுர மீட்டருக்கு 100 பவுண்டு, ஒரு வீடு 90 சதுர மீட்டர், மொத்தம் 50 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4,50,000 பவுண்டு. அதில் 15 விழுக்காடு, அதாவது 67,500 பவுண்டு, அந்த வட்டாரத்துக்கென்று பிரிக்கப்படும். வட்டார மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய அக்கம்பக்கத் திட்டம் ஒன்று இருந்தால் 25 விழுக்காடு. தொகை 1,12,500 ஆகிவிடும். (சமூக வாடகை வீடுகளுக்குச் சலுகை உண்டு, 15 விழுக்காட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. கணக்கு சுருக்கமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.) பாரிஷ் கவுன்சில் என்ற சிற்றூர் மன்றம் உள்ள ஊர்களில் இந்தப் பங்கு நேரே அதன் கைக்குப் போகும். லண்டனில் 2014இல் குயின்ஸ் பார்க்கில் வந்த ஒன்றைத் தவிர பாரிஷ் கிடையாது. அதனால் பரோ எனப்படும் நகரப் பகுதியின் கவுன்சிலே பணத்தை வைத்துக்கொண்டு மக்களைக் கேட்டுச் செலவிட வேண்டும். பெரியம்மாவின் கைப்பையில் இருந்தது அந்தக் கேள்வித்தாள்.

இன்னொன்று: லண்டன் மேயரும் 2012 முதல் இதே பெயரில் தனியாக வாங்குகிறார். அந்தப் பணம் எலிசபெத் ரயில் பாதைக்குப் போனது. இல்ஃபர்டிலும் மேனர் பார்க்கிலும் தினமும் ரயில் ஏறும் நம்மவர்கள் பெயர் தெரியாத இந்தத் தொகையின் மேல்தான் வேலைக்குப் போய்வருகிறார்கள்.

இப்போது ஏன் அவசரம் என்றால், இத்தகைய தாள்கள் இனி நிறைய வரும். கவுன்சில் ஒவ்வொன்றும் எத்தனை வீட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை 2023 டிசம்பரில் முந்தைய அரசு 'வழிகாட்டும் தொடக்கப் புள்ளி' என்று தளர்த்தியது. 2024 டிசம்பரில் புதிய அரசு அதை மீண்டும் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் 0.8 விழுக்காட்டை அடித்தளமாக எடுத்து, வீட்டு விலை சம்பளத்தைவிட எவ்வளவு எட்டாத உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப ஏற்றுகிறார்கள். நாடு முழுவதற்கும் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 3,70,000 வீடு வருகிறது. இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடு என்பது அரசின் வாக்கு. ஐந்தாண்டுக்குத் தேவையான நிலம் கைவசம் இருப்பதாகக் காட்ட முடியாத கவுன்சில், விண்ணப்பங்களை மறுப்பது கடினம். சட்டக்காரர்கள் தராசு சாய்ந்துவிட்டது என்கிறார்கள். 'சாய்தராசு' என்றே அதைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை உள்ள சொற்களுக்கு வருகிறேன். முதலில், மேலே சொன்ன வீட்டு எண்ணிக்கைக்கு நீங்கள் அனுப்பிய சொல்.

> 'வீட்டிலக்கு' போதும். சுருக்கமாக, புணர்ச்சி விதிப்படி இருக்கிறது.

புணர்ச்சி சரிதான். ஆனால் தஞ்சாவூர் அக்கா எழுதியதுபோல், வேகமாகப் படித்தால் 'வீட்டுவிலக்கு' என்று காதில் விழுகிறது. சைவ சித்தாந்தம் படித்தவருக்கோ அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்த வீடு நினைவுக்கு வரும். கவுன்சில் கொடுக்கும் வீடுபேறு என்று சிரிப்பார். எனக்கு இருக்கும் தடை வேறு. கவுன்சில் அந்த வீடுகளைத் தானே கட்டுவதில்லை, அத்தனைக்கு இடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். 'இலக்கு' என்றதும் கவுன்சில் செங்கல் அடுக்கப்போகிறது என்று தோன்றிவிடும். 'வீட்டுத் தேவையளவு' என்பது உப்புச்சப்பில்லாத சொல், ஆனாலும் நடப்பதைச் சொல்கிறது.

> 'சமூக' என்ற அடைமொழியை ஏன் விட வேண்டும்? மூலத்தில் இருக்கிறதே.

விட வேண்டும். தமிழ்நாட்டில் செய்தித்தாள் 'எங்கள் சமூகத்தினர்' என்று அச்சிட்டால் வாசகர் எதைப் படிக்கிறார் என்று நமக்குத் தெரியும். சாதிச் சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதும் தெரியும். 'சமூக நிதி' என்றால் யாருடைய சமூகம் என்று ஒரு கேள்வி எழும். இங்கே பேச்சு ஒரு தெருவைச் சுற்றி வாழ்கிறவர்களைப் பற்றியது. அவர்களில் வங்காளியும் போலந்துக்காரரும் சோமாலியரும் உண்டு.

> யாழ்ப்பாண வழக்கில் 'அயல்' அழகான சொல். அயலவர், அயற்பங்கு.

அக்கா, எனக்கும் பிடித்த சொல். எங்கள் அம்மாவும் 'அயலட்டை' என்றுதான் சொல்வார். ஆனால் கடல் தாண்டி மதுரையில் 'அயல்' என்றால் அயல்நாடு, அயலான். பிரிட்டனில் குடியேறியவர்கள்மேல் இன்று இருக்கும் சூட்டில், வெளிநாட்டாருக்குப் பங்கு கொடுக்கிறார்கள் என்று ஒருவர் படித்துவிட்டால் அதை அழிக்க நாலு மடல் போதாது.

> மகமை! நம்மிடம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்?

இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விருதுநகரிலும் சிவகாசியிலும் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய பணம். வணிகத்தின் அளவைப் பார்த்துப் பிடித்து, பொதுக் காரியத்துக்குச் செலவிடுவது. கட்டுமானப் பரப்பைப் பார்த்துப் பிடிப்பதற்கு இதைவிட நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் மகமை உறவின்முறை என்ற சாதி அமைப்புக்குள் எடுத்து, அந்த அமைப்பே நிர்வகித்த பணம். 'சமூக' என்பதை வாசலில் தடுத்துவிட்டு மகமையைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதா?

நான் முன்வைத்த 'குடிவாரம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளைச்சலில் அரசோ ஜமீனோ எடுப்பது மேல்வாரம், உழுகிறவர் எடுப்பது குடிவாரம். கவுன்சில் வைத்துக்கொள்ளும் பெரும்பங்கை மேல்வாரம் என்றும், தெருவுக்கு வரும் 15 விழுக்காட்டைக் குடிவாரம் என்றும் சொன்னால் ஒரு நிலத்தின் பலனை இருவர் பிரித்துக்கொள்ளும் உறவு அப்படியே வந்து உட்காரும் என்று நினைத்தேன். இன்னமும் நினைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எந்த வாரம்?" என்றார்.

ஆக என் கட்சி இது. சொல்லைக் கேட்டவுடன் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். 'உட்கட்டமைப்பு' என்பது பணம் போகும் இடம். போகும் இடம் எப்படியும் துண்டறிக்கையில் பட்டியலாக வரும்: விளையாட்டுத் திடல், தெருவிளக்கு, நூலகம். வரும் இடம் பெயரில் இருக்கட்டும். முழுத் தொகைக்குக் 'கட்டுநர் தீர்வை', அதில் வட்டாரத்துக்கு வருவதற்கு 'அக்கம்பக்கப் பங்கு'.

106ஆம் பிரிவை இதில் கலக்காதீர்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவு ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே பேசிக் கையெழுத்திடும் ஒப்பந்தம்; கட்டுப்படியாகும் வீடு பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது. பட்டியலைப் பார்த்துப் பெருக்கி வாங்குவதும் பேரம் பேசி வாங்குவதும் ஒன்றாகாது. அதேபோல் 2025 மார்ச்சில் அறிவித்த மின்கோபுரச் சலுகையும் வேறு. புதிய மின்கோபுரத்துக்கு 500 மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு மின்கட்டணத்தில் ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் 10 ஆண்டுகளில் 2,500 பவுண்டு வரை கழிப்பார்கள். அது ஆளுக்கு வரும் பணம். நம்முடையது இடத்துக்கு வரும் பணம், யார் கையிலும் தனியாக விழாது. இரண்டையும் 'மக்கள் நிதி' என்று ஒரே குடத்தில் ஊற்றினால் ஆறு மாதத்தில் யாராவது என்னிடம் வந்து "என் பங்கு எங்கே தம்பி?" என்பார்கள்.

அன்புடன்,
லண்டன் உறுப்பினர்

- - -

மறுமொழி (மதுரையிலிருந்து)

தம்பிக்கு,

நகர் ஊரமைப்பு வேலையில் முப்பது ஆண்டு கோப்பு பார்த்தவன் என்ற உரிமையில் இரண்டு விஷயம்.

ஒன்று, குடிவாரத்தைக் கைவிட்டது நல்லது. காரணம் மட்டும் பெரியம்மா சொன்னதில்லை. குடிவாரம் உழுதவனுக்கு உரியது என்று எழுதியிருக்கிறீர்கள். மிராசு ஊர்களில் குடிவார உரிமை மிராசுதாரரிடமே இருந்ததும், சேற்றில் இறங்கிய பண்ணையாளுக்கு அதில் ஒரு நெல்மணிகூட இல்லாததும் உண்டு. 'ஊர்ப்பங்கு' என்று ஒருவர் எழுதியதற்கும் இதே பதில்: எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் சேரி வெளியே நிற்கும். 'அக்கம்பக்கம்' யாரையும் வெளியே நிறுத்தவில்லை, அதை ஏற்கிறேன்.

இரண்டு, 'கட்டுநர் தீர்வை' உதவாது. வீடும் கட்டுகிறோம், வரியும் கட்டுகிறோம். உங்கள் மடலிலேயே பெரியம்மா "நான்தான் கட்ட வேண்டுமா" என்கிறார், நீங்கள் "கட்டடம் கட்டுகிற கம்பெனி கட்டும்" என்கிறீர்கள். 'கட்டுநர்' என்று அச்சிட்ட தாளைப் பார்த்ததும் அவர் என்ன நினைப்பார்? பணம் கட்டுகிற நானே அந்தக் கட்டுநர் என்றுதான். 'வரி'யில் விழுந்தவர் 'கட்டுநர்' என்ற இடத்தில் மறுபடியும் விழுவார்.

'கட்டுமானத் தீர்வை' என்று வைத்துப் பாருங்கள். எதன்மேல் விழுகிறது என்று தெரிகிறது. வீட்டில் சும்மா இருப்பவர்மேல் விழாது என்பதும் தெரிகிறது. இங்கே கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கென்று கட்டட மதிப்பில் பிடிக்கும் ஒரு விழுக்காட்டுக்கு எங்கள் காதுகள் பழகிவிட்டதால், அந்தக் குடும்பத்திலேயே இதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஒன்று கேட்கிறேன். 1947 திட்டமிடல் சட்டத்தில், கட்ட அனுமதி கிடைப்பதால் நிலத்துக்கு வரும் மதிப்பேற்றம் முழுவதையும், நூற்றுக்கு நூறு, அங்கே அரசே எடுத்துக்கொண்டது என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அப்படியிருந்த நாடு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற இந்தத் தீர்வைக்கு எப்படி வந்தது?

- - -

மறுமொழி (லண்டனிலிருந்து)

ஐயாவுக்கு,

'கட்டு' எனக்கு உறைக்கவே இல்லை. அன்னதான வரிசையில் என் வாயாலேயே ஒரே வாக்கியத்தில் இரண்டு பொருளிலும் சொல்லியிருக்கிறேன், எழுதும்போதும் அப்படியே எழுதியிருக்கிறேன். கட்டுமானத் தீர்வை, மாற்றிவிட்டேன்.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாக: அந்த நூற்றுக்கு நூறு ஆறு ஆண்டுகூடத் தாங்கவில்லை. விற்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றதும் நிலக்காரர்கள் விற்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். 1950களின் தொடக்கத்திலேயே அடுத்த அரசு எடுத்துவிட்டது. 1967இல் 40 விழுக்காடு என்று வேறு பெயரில் கொண்டுவந்தார்கள், அதையும் அடுத்து வந்தவர்கள் நீக்கினார்கள். 1976இல் மறுபடி ஒரு வரி, 1985இல் அதற்கும் முடிவு. ஒரு கட்சி நட, மற்றது பிடுங்க, இப்படியே போயிற்று. இப்போதையது இரண்டு கட்சி ஆட்சியிலும் பிழைத்திருக்கிறது. பெயரில் 'உட்கட்டமைப்பு' என்று வைத்ததும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மதிப்பேற்றத்தைப் பிடுங்குகிறோம் என்று சொல்லாமல், சாலை போடுகிறோம் என்று சொன்னார்கள். அந்தப் பூச்சைத்தான் நாம் தமிழில் உரித்துவிட்டோம் போலிருக்கிறது. மூலத்துக்கு இது துரோகமா என்று இலக்கணக்காரர்கள் கேட்கலாம், கேட்கட்டும்.

திருத்திய தாளை நேற்று அச்சுக்குக் கொடுத்தேன். முதல் வரி இப்படி இருக்கிறது: 'உங்கள் தெருமுனைக் கட்டடத்துக்காகக் கட்டுமான நிறுவனம் செலுத்தும் கட்டுமானத் தீர்வையில் அக்கம்பக்கப் பங்கு 15 விழுக்காடு. அதை எதற்குச் செலவிடலாம்?' 'கட்டும்' வராமல் 'செலுத்தும்' போட்டிருக்கிறேன், கவனித்தீர்களா?

அடுத்த தாள் மேசையில் கிடக்கிறது. நகரைச் சுற்றிய பசுமை வளையத்துக்குள், பச்சையென்று பேர்தான் இருக்கிற பழைய கார் நிறுத்துமிடம் போன்ற துண்டுகளுக்கு 2024 கொள்கை 'கிரே பெல்ட்' என்று பெயர் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து அக்கா 'சாம்பல் வலயம்' என்று தொடங்கிவிட்டார். அது வளையமாகவும் இல்லை, வலயமாகவும் இல்லை, அங்கங்கே கிடக்கிற துண்டு நிலம். தனி இழையில் பேசுவோம்; தலைப்பில் 'சாம்பல்' என்று போடுங்கள், தேட எளிதாக இருக்கும்.